ஒன்பது பேருக்கு ஒரே மகள்

பெரியசாமி டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். பார்த்தார். பிறகு எனக்குத் தெரியும்படி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், இந்தச் சீட்டு நமக்கு எதுக்கு?" என்று கேட்டார்.

சீட்டில் 'ஷீ' என்று எழுதியிருந்தது.

"ஏன், அதுக்கு என்ன?"

"இந்த யார்டுல பொம்பளையே கெடையாது டீச்சர். கேம்ப்புலயும் கெடையாது. ஷீன்னு யாரச் சொல்றது?"

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மற்ற எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். ஆனால் அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது; வகுப்பில் ஆசிரியை சிரிக்கக் கூடாது என்று நம்பிக்கொண்டிருந்த காலம். "எடுத்த சீட்டைக் கீழே வைக்காதீங்க. வாக்கியம் சொல்லுங்க" என்றேன்.

இடம் துபாயின் அல் கூஸ். சிமென்ட் சுவர்ப் பலகைகளை அச்சில் வார்த்துக் கட்டடங்களுக்கு அனுப்பும் ஒரு யார்டு, அதை ஒட்டினாற்போல் அங்கே வேலை செய்பவர்களின் கேம்ப். வெள்ளிக்கிழமை காலைகளில் கேம்ப்பின் சாப்பாட்டுக் கூடம் எனக்கு வகுப்பறை. நீளமான எவர்சில்வர் மேசைகள். அடுப்படிப் பக்கமிருந்து பருப்பு வேகும் வாசனை. வெளியே வரிசையாக ஈரப் போர்வைகள் காய்ந்துகொண்டிருக்கும். காற்று அடித்தால் போர்வையிலும் சிமென்ட் தூள் படியும், என் நோட்டிலும் படியும்.

பெரியசாமி யோசித்துவிட்டு அந்தச் சீட்டை டப்பாவிலேயே போட்டார். வேறு சீட்டு எடுத்தார். அன்று முழுவதும் 'ஷீ' வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் அதைத் திரும்ப உள்ளே போட்டார். அந்த ஒரு சீட்டால் பின்னால் என்னென்ன நடந்தது என்பதைத்தான் இந்த வாரம் எழுத வேண்டும்.

மூன்று டப்பாக்கள்

துபாயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன் நின்ற வருடங்கள் அவை. என் கணவர் அந்தக் கம்பெனியில் கட்டட அளவு, மதிப்பீடு பார்க்கும் வேலையில் இருந்தார். நாங்கள் ஷார்ஜாவில் முவைலாவில் குடியிருந்தோம். நான் திருச்சியில் ஒரு டியூட்டோரியலில் ஏழு வருடம் ஆங்கிலம் எடுத்துவிட்டு, இங்கே வந்து மகள் நித்யாவின் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு இருந்தேன்.

ஒரு நாள் இவர் வந்து சொன்னார். கம்பெனிக்குப் புது சைட் கிடைத்திருக்கிறது. அங்கே கிரேன் ஓட்டுபவர்கள் எல்லாம் பிலிப்பைன்ஸ்காரர்கள். கீழே நின்று கையைக் காட்டியும் வாக்கி டாக்கியில் பேசியும் கிரேனை வழிநடத்தும் சிக்னல்மேன்களுக்கு இங்கிலீஷ் வேண்டும். அதுவரை யார்டில் எல்லாம் இந்திதான். "ஆஸ்தே பாய், ஆஸ்தே" என்று மெதுவாக்கச் சொன்னால் பத்து டன் பலகை பூ மாதிரி இறங்கும். புது சைட்டில் அது செல்லாது. தமிழ் ஆட்களில் ஒன்பது பேரைப் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் யார்டு மேனேஜர் இன்டர்வியூ எடுப்பார். "யாராவது சொல்லிக்கொடுத்தா நல்லா இருக்கும்" என்று இவர் இழுத்தார். அவர் முடிப்பதற்குள் நான் சரி என்றேன்.

முதல் வகுப்பு மறக்காது. எது கேட்டாலும் "எஸ் சார்." உங்கள் பெயர் என்ன? எஸ் சார். சாப்பிட்டீர்களா? எஸ் சார். நான் புடவை கட்டிக்கொண்டு எதிரில் நிற்கிறேன், எனக்கும் சார். வருடக்கணக்காக அந்த இரண்டு சொல்லை வைத்தே அவர்கள் வேலையைக் காப்பாற்றி வந்திருந்தார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. எரிச்சல்தான் வந்தது. இனிமேல் எஸ் சார் என்று மட்டும் சொல்பவர் வகுப்பு முடியும் வரை நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். அரை மணி நேரத்தில் ஒன்பது பேரும் நின்றார்கள்.

அடுத்த வாரம் மூன்று பால்பவுடர் டப்பாக்களோடு போனேன். இவர் ஆபீசிலிருந்து கொண்டுவந்த பழைய வரைபடத் தாள்களின் பின்பக்கத்தைச் சீட்டு சீட்டாக வெட்டி, இங்கிலீஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தேன். முதல் டப்பாவில் யார்: நான், நீ, அவன், அவள், அவர்கள். இரண்டாவதில் என்ன செய்வது: தூக்கு, இறக்கு, கட்டு, நில், காத்திரு, தூங்கு, பாடு, கேள். மூன்றாவதில் எப்படி, எப்போது, எங்கே: மெதுவாக, கவனமாக, எப்போதும், ஒருபோதும், இப்போது, இங்கே.

டப்பாவுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். எடுத்ததை இங்கிலீஷில் வாக்கியமாக்க வேண்டும். அவன் என்று வந்தால் வினைச்சொல்லின் வாலில் ஒரு 'ஸ்' ஒட்டும், நான் என்று வந்தால் ஒட்டாது. எப்போதும், ஒருபோதும் இரண்டும் வினைக்கு முன்னால் போய் நிற்கும். மெதுவாக, கவனமாக இரண்டும் பின்னால் வரும். அவ்வளவுதான் பாடம். தினசரி இங்கிலீஷில் முக்கால்வாசி இந்த மூன்று டப்பாவுக்குள் அடக்கம் என்று எனக்கு ஒரு கொள்கை இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"ஹீ ஸ்லீப்ஸ் கேர்ஃபுல்லி" என்று ஒருவருக்கு வந்தது. அவன் கவனமாகத் தூங்குகிறான். கேம்ப்பைக் கண்காணிக்கும் கேம்ப் பாஸைப் பற்றித்தான் என்று எல்லோருக்கும் உடனே தோன்றிவிட்டது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார்.

லைட் டூட்டி

ஒன்பது பேரில் சன்னாசி என்று ஒருவர். முதுகுளத்தூர்ப் பக்கம். நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு வயது இருக்கும். மேசையின் கோடியில், சுவரோரமாக உட்காருவார். இடது கையால்தான் சீட்டு எடுப்பார். இடது கைப் பழக்கம் போல என்று நான் நினைத்திருந்தேன்.

மூன்றாவது வாரம் அவரே சொன்னார். அச்சின் இரும்பு மூடி நழுவி வலது தோளில் விழுந்திருக்கிறது. எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் கை தோளுக்கு மேல் வராது. டாக்டர் 'லைட் டூட்டி' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"நல்லதுதானே?" என்று கேட்டேன்.

"எங்கிட்டு டீச்சர் நல்லது? இந்த யார்டுல லைட் டூட்டின்னு ஒண்ணு ஏது? எல்லாமே கனம்தான். சிக்னல்மேன் ஒண்ணுதான் தோள் வேணாத வேல. இடது கையால காட்டிக்கிரலாம். அது கெடைக்கலேன்னா விசா கேன்சல், காலாஸ், முடிஞ்சதுன்னு சொல்லிப்புட்டாக."

"ஊருக்குப் போனா வேற வேலை பார்க்கலாமே."

"ஊருல கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுற வேலதான் டீச்சர். அதுக்கும் தோள் வேணும்ல."

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்பது போலச் சொன்னார். பதினாறு வருடம் கிரேனுக்குக் கீழே நின்று பலகை கட்டியவர். எந்தக் கனத்துக்கு எந்தச் சங்கிலி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவருக்கு இல்லாதது இங்கிலீஷ் மட்டும்தான். அது என் பொறுப்பு என்று அன்றைக்கு எடுத்துக்கொண்டேன்.

என் சொந்த இங்கிலீஷ்

இந்த இடத்தில் என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும்.

நித்யாவைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று, முவைலாவில் பள்ளிக்கூடங்களுக்கு நடுவே பாதிக்கு மேல் வெறும் மணல். செருப்பெல்லாம் மண்ணாகக் கவுன்ட்டரில் போய் நின்றேன். உள்ளே இருந்த பெண் ஏதோ வேகமாகக் கேட்டாள். எம்.ஏ. ஆங்கிலம் படித்த எனக்கு அவள் கேட்டது புரிந்தது, பதிலும் தெரிந்தது. ஆனால் எந்தக் காலத்தில் சொல்வது, எந்தச் சொல்லை முன்னால் வைப்பது என்று தலைக்குள் நான் திருத்திக்கொண்டிருந்தபோது அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். கடைசியில் நான் அங்கே சொன்னதெல்லாம் "எஸ், எஸ்" மட்டும்தான். ஏழு வயதுப் பெண் பக்கத்தில் நின்று எனக்காகப் பதில் சொன்னாள். வீட்டுக்கு வந்து அழுதேன்.

இன்னொன்று. திருச்சியில் ஒருமுறை தேர்வுக் கண்காணிப்பில் ஒரு பெண்ணின் ரவிக்கைக்குள்ளிருந்து பிட்டுத் தாள் ஒன்று கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். என் வகுப்பில் நானே எழுதிப்போட்ட கட்டுரை, வரி மாறாமல். பேசாமல் விட்டிருக்கலாம். விடவில்லை. தலைமைக் கண்காணிப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண்ணால் அந்த வருடம் தேர்வு எழுத முடியாமல் போனது. பிற்பாடு கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். காப்பியடிப்பதை நான் பொறுக்க மாட்டேன் என்று பல காலம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

எழுதிக்கொடுத்தது

இரண்டு மாதம் என்று சொன்ன இன்டர்வியூவை ஐந்தாவது வாரத்திலேயே வைத்துவிட்டார்கள். வியாழக்கிழமை இன்டர்வியூ. அதற்கு முந்தைய வெள்ளிதான் எனக்குக் கடைசி வகுப்பு. டப்பா விளையாட்டெல்லாம் போதும், இனிமேல் பலன் வேண்டும் என்று எனக்குப் பதற்றம் வந்தது.

இன்டர்வியூவில் முதலில் 'உன்னைப் பற்றிச் சொல்' என்பார்கள். அதற்கு ஒரு மாதிரியை எழுதினேன். ஒரு தாளில் பெரிய எழுத்தில், இங்கிலீஷிலும் அதையே தமிழ் எழுத்திலும். மாதிரி என்பதால் என்னைப் பற்றியே எழுதினேன். நான் திருச்சிராப்பள்ளியிலிருந்து வருகிறேன். நான் கவனமாக வேலை செய்கிறேன். பலகைக்குக் கீழே ஒருபோதும் நிற்க மாட்டேன். இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது அந்தக் கைவிடப்பட்ட 'ஷீ' நினைவுக்கு வந்தது. வாரக்கணக்காக யாரும் வாக்கியமாக்காத சீட்டு. அதற்கும் ஒரு வேலை கொடுப்போமே என்று கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன். "ஐ ஹேவ் ஒன் டாட்டர். ஷீ சிங்ஸ் ஸ்வீட்லி." எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவள் இனிமையாகப் பாடுகிறாள்.

உண்மையைச் சொல்வதானால் நித்யா இனிமையாகவெல்லாம் பாட மாட்டாள். பாட்டு வகுப்பில் சேர்த்த மூன்றாவது வாரமே போக மாட்டேன் என்று அழுது நின்றுவிட்டாள். வாக்கியத்துக்கு ஒரு எப்படி வேண்டியிருந்தது, அதனால் பாடவைத்தேன்.

"இது மாதிரிதான். அவங்கவங்க ஊரை, அவங்கவங்க குடும்பத்தைப் போட்டுக்குங்க" என்று சொன்னேன். ஒன்பது பேரும் தலையை ஆட்டினார்கள்.

தலையை ஆட்டுவது எஸ் சாரின் தம்பி என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஸ்லோலி, சார்

வியாழன் மாலை இவர் வீட்டுக்கு வந்ததும் முகம் சரியில்லை. "உன் ஆளுங்க எல்லாருக்கும் ஒரே பொண்ணாமே?" என்றார். என்ன என்று கேட்டால், "ஆபீஸ் பூராவும் சிரிக்குது. நாளைக்குப் போய்க் கேட்டுக்கோ" என்று குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்பது பேரும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெரியசாமிதான் ஆரம்பித்தார்.

முதலில் உள்ளே போனவர் அவர். அரியலூர்க்காரர், இரண்டு பையன்கள். உள்ளே போய், தான் திருச்சிராப்பள்ளியிலிருந்து வருவதாகவும் தனக்கு ஒரு மகள் என்றும் அவள் இனிமையாகப் பாடுவாள் என்றும் கடகடவென்று சொல்லிவிட்டார். மேனேஜருக்கு ரொம்பச் சந்தோஷம். அவர் ஸ்காட்லாந்துக்காரர், பெரிய மீசை, அவருக்கும் பெண் பிள்ளை உண்டு. இரண்டாவது ஆள் போனார். அவரும் திருச்சிராப்பள்ளி. ஒரு மகள். இனிமையாகப் பாடுகிறாள். மூன்றாவது ஆளுக்கு மேனேஜர் சிரித்தார். ஐந்தாவது ஆளுக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அப்புறம் ஏற்கெனவே வந்தவர்களையும் திரும்பக் கூப்பிட்டு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். உன் மகள் என்ன பாடுவாள்?

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று பெரியசாமியைக் கேட்டேன்.

"எஸ் சார்னேன்."

"அப்புறம்?"

"திரும்பக் கேட்டாரு. நீங்கதான் எஸ் சார் மட்டும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே. அதனால, ஸ்லோலி, சார்ன்னேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஊரை மாத்திக்குங்கன்னு சொன்னேனா இல்லையா? குடும்பத்தை மாத்திக்குங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க டீச்சர். ஆனா நீங்க எழுதினது. கரெக்டா இருக்கிறது. அதுல போயி நாங்க ஒரு வார்த்தைய உருவினா மொத்தமும் சரிஞ்சிருமோன்னு பயமா இருந்துச்சு. அச்சுல வார்த்தது மாதிரி இருக்கே, அப்படியே தூக்கிட்டுப் போயி வெச்சிருவோம்னுட்டோம்."

எட்டுப் பேரும் அதே காரணத்தைத்தான் வைத்திருந்தார்கள். கூடிப் பேசிச் செய்ததுகூட இல்லை. தனித்தனியாக, அவரவர் கட்டிலில் படுத்துக்கொண்டு, அவரவர் அதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். கோபப்பட யாரும் இல்லை, என்னைத் தவிர. நான்தான் வாரக்கணக்காகச் சீட்டைச் சேர்க்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கடைசி வகுப்பில் சேர்த்து வைத்ததைக் கையில் கொடுத்தவள்.

"எல்லாருக்கும் போச்சா?" என்று கேட்டேன்.

"சன்னாசிண்ணன் பாஸ்" என்றார் பெரியசாமி.

ஒன்பதாவது ஆள்

சன்னாசி கடைசியாகப் போனவர். அவரும் எதையும் மாற்றவில்லை. திருச்சிராப்பள்ளி, ஒரு மகள், இனிமையாகப் பாடுகிறாள். மேனேஜர் களைத்துப்போய் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். என்ன பாடுவாள்?

"நீங்க என்ன சொன்னீங்க?"

சன்னாசி எழுந்து நின்றார். மேனேஜரிடம் சொன்னதை அப்படியே எனக்கும் சொன்னார். வகுப்பில் ஒப்பிக்கும் குரலில் இல்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"ஷீ சிங்ஸ் மார்னிங், சார். ஐ கம் நைட் டூட்டி. ஐ ஸ்லீப். தென் ஷீ சிங்ஸ் ஸ்லோலி. ஷீ க்ளோசஸ் டோர் ஸ்லோலி. ஆல்வேஸ்."

யார் சொல்லிக்கொடுத்தார்கள் அவளுக்கு என்று மேனேஜர் கேட்டிருக்கிறார்.

"நோ டீச்சர், சார். ஷீ லிசன்ஸ் கேர்ஃபுல்லி. ஷீ நெவர் ஸ்டாப்ஸ்."

மேனேஜர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பாஸ் என்று எழுதிவிட்டார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது, அதாவது அவருக்கு விளங்கிய விதத்தில். அந்த மகள் சன்னாசியின் மகள். மற்ற எட்டுப் பேரும் சன்னாசியைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறார்கள்.

சன்னாசி சொன்னதில் 'மார்னிங்', 'டோர்' போல ஏழெட்டுச் சொல் போக மற்றதெல்லாம் என் மூன்று டப்பாவிலிருந்து எடுத்தவை. ஆனால் அவற்றை நான் அப்படிச் சேர்த்து ஒருநாளும் பார்த்ததில்லை.

"உங்களுக்குப் பொண்ணு இருக்கிறதைச் சொல்லவே இல்லையே" என்றேன்.

"நமக்கு ஏது டீச்சர் புள்ள" என்றார். "கலியாணமாயி பதினாறு வருசம். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ரெண்டு மாசம் லீவு. கூட்டிப் பாத்தா அவளோட நான் ஒன்றரை வருசம்கூட இருந்ததில்ல."

மற்றவர்கள் மேசையைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"அப்புறம் எப்படிச் சொன்னீங்க?"

"படிக்கப் படிக்க வந்துருச்சு. ஒரு வாரமா ராத்திரி டூட்டி. காலையில வந்து படுத்தா எதுத்த ரூமுக்காரன் கதவ டமார் டமார்னு சாத்துறான். நீங்க எழுதிக் குடுத்தத வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். ஐ ஹேவ் ஒன் டாட்டர், ஐ ஹேவ் ஒன் டாட்டர்னு. நமக்கும் ஒண்ணு இருந்து, வீட்ல இருந்தா, இப்பிடிச் சாத்துமான்னு தோணுச்சு. பைய சாத்தும்ல."

தவறா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. அன்று வகுப்பு நடத்தவில்லை.

ஒரு தொலைபேசி

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போன் வந்தது. யார்டு மேனேஜரே பேசினார். என் கணவரிடம் நம்பர் வாங்கியிருக்கிறார்.

மரியாதையாகத்தான் பேசினார். நான் வாரா வாரம் வந்து சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி சொன்னார். எட்டுப் பேரையும் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை, அடுத்த மாதம் மறுபடி பார்க்கலாம் என்றார். அப்புறம் கேட்டார்: அந்தத் தோள் அடிபட்டவன், அவனுடையதுதானே அந்த மகள்? மற்றவர்கள் அவனைப் பார்த்துத்தானே சொன்னார்கள்? உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்கள் சொன்னால் நான் பேப்பரை மேலே அனுப்பிவிடுகிறேன்.

இல்லை என்று சொன்னால் ஒன்பதும் ஒரே கணக்கு. எட்டுப் பேருக்கு அடுத்த மாதம் இருக்கிறது. அவருக்கு இல்லை, அவருடைய லைட் டூட்டி மாத முடிவோடு சரி.

எனக்கு வாக்கியத்துக்குப் பஞ்சமில்லை. எம்.ஏ., பி.எட். அந்த மகள் யாருடையவள், எதற்காகப் பாடினாள் என்றெல்லாம் இலக்கணச் சுத்தமாக அரை மணி நேரம் என்னால் விளக்கியிருக்க முடியும். பிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு வராந்தாவில் நான் வேக வேகமாக நடந்தது ஞாபகம் வந்தது. பின்னாலேயே அந்தப் பெண் ஓடிவந்ததும்.

"எஸ், சார்" என்றேன்.

குட் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். போனை வைத்த பிறகு வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தேன். நான் போட்ட சட்டப்படி நிற்க வேண்டியவள்தானே.

சன்னாசிக்கு யார்டில் கிரேனை வைத்தும் ஒரு சோதனை நடந்தது. அதில் அவருக்கு யாருடைய சிபாரிசும் தேவைப்படவில்லை. இடது கையால் காட்டி, "லோயர் ஸ்லோலி, ஸ்டாப் நவ்" என்று ஒரு பலகையைக் கோடு போட்ட இடத்தில் இறக்கிவைத்தாராம். எட்டுப் பேருக்கு மறுபடி வகுப்பு எடுத்தேன். ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் ஐந்து பேர் தேறினார்கள். பெரியசாமி மூன்றாவது தடவையில் தேறினார். தனக்கு இரண்டு பையன்கள், இருவருமே ஒருபோதும் பாட மாட்டார்கள் என்று மேனேஜரிடம் சொன்னாராம்.

இந்தப் பகுதியை எழுதிவிட்டு என் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். "அந்த மீசைக்காரருக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் உன்கிட்ட கேட்டார்" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம், அதற்கு நாலைந்து மாதம் கழித்து நடந்தது.

குழல்

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சன்னாசி முவைலாவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, தலை வாரி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். புது சைட், ஆபரேட்டர்கள், சாப்பாடு என்று பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கவரைப் பிரித்தார். உள்ளே மரத்தில் செய்த சின்ன ஊதுகுழல். நேராக வாயில் வைத்து ஊதுவது; வெள்ளைக்காரர்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுப்பார்களே, அது.

"மேனேஜர் லீவுல ஊருக்குப் போயிட்டு வந்தாரு டீச்சர். அவுக மகளோடதாம், அந்தப் புள்ள பெருசாயிருச்சாம். 'சன்னாசி, ஃபார் யுவர் சிங்கர்'னு குடுத்துப்புட்டாரு."

நான் அதை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு பெண் பெயரைப் பேனாவால் எழுதி அழித்திருந்தது.

"இது உங்க புள்ளைக்குத்தான் சேரணும். நீங்க எழுதுனதுதான" என்றார். கவரை மடித்துக்கொண்டே, "இன்னொண்ணு டீச்சர். அவரு கேப்பாரு, எப்பிடி ஊதுதுன்னு. அன்னாடம் சைட்டுக்கு வந்து பாக்குறவரு. பாப்பா ஒரு தடவ ஊதுச்சுன்னா, பாத்துக்கிட்டுப் போயி ரெண்டு வார்த்த சொல்லிக்கிருவேன்" என்றார்.

நித்யாவைக் கூப்பிட்டேன். அவளுக்குப் புதுப் பொருள் என்றால் போதும். குழலை வாங்கி, ஒரே மூச்சில் ஊதினாள். ரயில் எஞ்சின் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பக்கத்து ஃப்ளாட்டில் நாற்காலி நகர்ந்தது. அவளே பயந்து நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

சன்னாசி எழுந்துவிட்டார். அவரை அறியாமலே இடது கை முன்னால் வந்து, உள்ளங்கை கீழே பார்க்க, மெல்லத் தாழ்ந்தது. கிரேனுக்குக் காட்டுவாரே, அதே கை. "ஸ்லோலி பாப்பா, ஸ்லோலி" என்றார்.

அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே மறுபடி மெதுவாக ஊதினாள். இந்தத் தடவை ஒரு சுரம் வந்தது. அப்புறம் இன்னொன்று.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. அவளைப் பார்த்தபடியே வாய்க்குள் சேர்த்துக்கொண்டிருந்தார். "ஷீ ஸ்டார்ட்ஸ் லவுட்லி. ஷீ ஸ்டாப்ஸ். ஷீ லாஃப்ஸ். தென் ஷீ ப்ளோஸ் ஸ்லோலி."

நித்யா குழலை வாயிலிருந்து எடுத்தாள். அவளுக்கு யார் இங்கிலீஷ் பேசினாலும் பதில் சொல்லியாக வேண்டும். "ஹூ, அங்கிள்? மீ?" என்று கேட்டாள்.

சன்னாசி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நீட்டியிருந்த கையைக் கீழே இறக்கி வேட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எஸ், சார்" என்றார்.